ஆறு வருடம் வேலை செய்த மாத்திரை இப்போது ஏன் தடுமாறுகிறது?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 58. ஆறு வருடத்துக்கு முன் சி.எம்.எல். என்ற ரத்தப் புற்றுநோய் இருப்பது தெரிந்தது. அன்றிலிருந்து தினமும் இமாட்டினிப் 400 மில்லிகிராம் சாப்பிடுகிறார். நன்றாகவே இருந்தார். ரிப்போர்ட்டில் 0.04 சதவீதம் என்று இருந்த எண் போன முறை 0.3 ஆனது, இந்த முறை 1.6. டாக்டர் மியூட்டேஷன் டெஸ்ட் எழுதிக் கொடுத்திருக்கிறார். உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டதா? கால் பிடிப்பும் கண் வீக்கமும் வரும்போது மாத்திரையை அவ்வப்போது விட்டுவிடுவேன் என்று அப்பா இப்போதுதான் சொல்கிறார். அதுதான் காரணமா? டெஸ்ட் முடிவு வரும்வரை இரண்டு மாத்திரையாகப் போடட்டுமா என்றும் கேட்கிறார். பெரியப்பா ஒரு மூலிகைப் பொடி தருகிறேன் என்கிறார். இது எனக்கும் வருமா? நான் பயோகெமிஸ்ட்ரி இரண்டாம் வருடம் படிக்கிறேன், கொஞ்சம் விவரமாகவே சொல்லலாம்.

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

முதலில் இந்த வாரத்துக்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். மாத்திரையை நிறுத்த வேண்டாம், இரண்டாக்கவும் வேண்டாம். ரத்தம் கொடுக்கும் நாள்வரை அப்பா அதே 400 மில்லிகிராமை ஒரு நாளும் விடாமல் சாப்பிடட்டும். பொடியைத் தொடவே வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் காரணம் பின்னால் வருகிறது.

அப்புறம், உங்களுக்கும் வருமா என்ற கேள்வி. இது பரம்பரையாக இறங்கும் நோய் இல்லை. அப்பா பிறந்து வெகுகாலம் கழித்து, அவருடைய எலும்பு மஜ்ஜையில் ஒரே ஒரு ரத்த ஸ்டெம் செல்லில் நடந்த மாற்றம் இது. பிள்ளைகளுக்குப் போகும் செல்களில் அது கிடையாது. இந்தக் கவலையை இங்கேயே இறக்கி வைத்துவிடுங்கள்.

நான் சிகிச்சை தரும் மருத்துவன் இல்லை. கைனேஸ் என்ற வகைப் புரதங்களோடு ஆய்வுக்கூடத்தில் வேலை செய்பவன். எந்த மருந்து, எந்த அளவு என்பதை அப்பாவின் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவுக்குப் பின்னால் இருக்கும் யோசனையை உங்களுக்குப் புரிய வைக்க என்னால் முடியும்.

உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டதா? இல்லை. இப்படி நினைப்பவர்கள் நிறையப் பேர். அதனால்தான் "கொஞ்ச நாள் இடைவெளி விட்டால் மறுபடி வேலை செய்யும்" என்ற ஆபத்தான யோசனையும் வருகிறது. அப்பாவின் உடம்பில் எதுவும் மாறவில்லை. அவருக்குள் இருக்கும் நோய்ச் செல்களின் கூட்டத்தில் யார் பெரும்பான்மை என்பது மாறியிருக்கலாம். அதைப் புரிந்துகொள்ள அந்த ஒரு புரதத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும்.

1960இல் பிலடெல்ஃபியாவில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்ட் இருவரும் சி.எம்.எல். நோயாளிகளின் செல்களில் ஒரு குரோமோசோம் வழக்கத்தைவிடக் குட்டையாக இருப்பதைப் பார்த்தார்கள். ஏன் குட்டை என்பது தெரிய 1973 ஆனது. 9ஆம் குரோமோசோமும் 22ஆம் குரோமோசோமும் தங்கள் துண்டுகளை ஒன்றுக்கொன்று மாற்றிக்கொண்டிருக்கின்றன என்று சிகாகோவில் ஜேனட் ரவுலி காட்டினார். வெட்டு விழுந்த இடத்தில், 9ஆம் குரோமோசோமில் இருந்த ஏபிஎல் மரபணு 22இல் இருக்கும் பிசிஆர் மரபணுவோடு ஒட்டிக்கொள்கிறது என்பது 1980களில் தெளிவானது. ஆரோக்கியமான செல் எதிலும் இல்லாத ஒரு ஒட்டுப் புரதம் அதிலிருந்து பிறக்கிறது. அதுதான் பிசிஆர்-ஏபிஎல். அப்பாவின் ரிப்போர்ட்டில் நீங்கள் பார்க்கும் எண், இந்த ஒட்டு மரபணுவின் செய்தி (ஆர்.என்.ஏ. பிரதி) ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்ற அளவு.

ஏபிஎல் ஒரு டைரோசின் கைனேஸ். செல்லின் எரிபொருளான ஏ.டி.பி.யிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து, வேறு புரதங்களில் இருக்கும் டைரோசின் என்ற அமினோ அமிலத்தின் மேல் வைப்பது அதன் வேலை. "பெருகு" என்ற கட்டளை செல்லுக்குள் போவது இந்த வழியில்தான். சாதாரண ஏபிஎல் தேவைப்படும்போது வேலை செய்துவிட்டு மற்ற நேரம் அடங்கியிருக்கும். அது எப்படி அடங்கியிருக்கிறது என்பது இந்தத் துறையிலேயே எனக்கு மிகவும் பிடித்த விஷயம். அந்தப் புரதத்தின் தலைமாட்டில் மிரிஸ்டேட் என்ற கொழுப்பு அமிலம் ஒட்டியிருக்கிறது. அது வளைந்து வந்து அதே புரதத்தின் கைனேஸ் பகுதியில் இருக்கும் ஒரு குழிக்குள் நுழைந்துகொள்ளும். நுழைந்ததும் புரதம் முழுவதும் இறுகி, வேலை செய்யாத வடிவத்துக்குப் போய்விடும்.

ஒட்டுப் புரதத்தில் அந்தத் தலைமாடு வெட்டுப்பட்டுப் போய்விட்டது. அங்கே பிசிஆர் வந்து உட்கார்ந்திருக்கிறது. குழி அப்படியே இருக்கிறது, அதை அடைக்க வேண்டிய கொழுப்பு அமிலம் இல்லை. போதாததற்கு, பிசிஆர் பகுதி இந்தப் புரதங்களை ஒன்றோடொன்று சேர்த்துப் பிடிக்கிறது. சேர்ந்தவை ஒன்றின் மேல் ஒன்று பாஸ்பேட் வைத்து முடுக்கிவிட்டுக்கொள்கின்றன. கட்டளை ஓய்வே இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறது, வெள்ளணுக்கள் பெருகிக்கொண்டே இருக்கின்றன. அந்தக் காலிக் குழியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இமாட்டினிப் போய் உட்காருவது வேறு ஒரு குழியில், ஏ.டி.பி. வந்து உட்காரும் குழியில். இது நடக்காத காரியம் என்று அந்தக் காலத்தில் பலரும் நினைத்தார்கள். மனித உடம்பில் ஐநூறுக்கும் மேற்பட்ட கைனேஸ்கள் இருக்கின்றன, எல்லாவற்றுக்கும் ஏ.டி.பி. குழி உண்டு. ஒன்றை மட்டும் எப்படி அடைப்பது? சீபா-கெய்கி என்ற சுவிஸ் மருந்து நிறுவனத்தில் நிக்கோலஸ் லைடனும் யூர்க் சிம்மர்மனும் இருந்த குழு, வேறொரு கைனேஸைத் தடுக்கக் கண்டெடுத்த ஒரு மூலக்கூறிலிருந்து தொடங்கியது. சரியான இடத்தில் ஒரு மெத்தில் சேர்த்ததும் பழைய இலக்கின் மேல் இருந்த பிடி போய்விட்டது. நீரில் கரைவதற்காக ஒரு பைப்பரசின் வளையம் சேர்ந்தது. அப்படி உருவானதுதான் உங்கள் அப்பா சாப்பிடும் மருந்து. புற்றுநோய் மருத்துவர் பிரையன் ட்ரூக்கர் அதை சி.எம்.எல். செல்களில் சோதித்துப் பார்த்து, இதை நோயாளிகளுக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்று விடாப்பிடியாக நின்றார். 1998இல் முதல் சோதனை தொடங்கியது. அதுவரை கொடுத்துவந்த இண்டர்ஃபெரான் என்ற மருந்து பலன் தராமல் போனவர்களில், தினமும் 300 மில்லிகிராமோ அதற்கு மேலோ எடுத்த 54 பேரில் 53 பேருக்கு ரத்த அணுக்களின் எண்ணிக்கை சீரானது. 2001 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி கிடைத்துவிட்டது. இமாட்டினிப்பில் தொடங்கியவர்களைப் பத்து வருடத்துக்கும் மேல் பின்தொடர்ந்த பெரிய ஆய்வில், பத்தாம் வருடத்தில் 83 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். அதற்கு முந்தைய தலைமுறை நோயாளிகளுக்கு இது எட்டாத கனவு.

மருந்து எப்படிப் பிடிக்கிறது என்பதை 2000இல் ஜான் குரியனின் குழு படிக அமைப்பாகக் காட்டியது. ஏபிஎல் வேலை செய்யாத வடிவத்தில், அதன் ஒரு வளைவு உள்பக்கம் மடிந்திருக்கும்போதுதான் இமாட்டினிப் உள்ளே போய்ப் பொருந்துகிறது. வேலை செய்யும் வடிவத்தில் எல்லா கைனேஸ்களும் ஏறக்குறைய ஒரே மாதிரி. ஓய்வில் இருக்கும்போது அவை நிறைய வேறுபடுகின்றன. மருந்து ஏபிஎல்லைத் தேர்ந்து பிடிப்பதற்கு இது ஒரு பெரிய காரணம். ஆனால் அதன் பலவீனமும் இதிலேயே இருக்கிறது. பொருத்தம் அவ்வளவு நுணுக்கமாக இருப்பதால் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினாலும் அது கெட்டுப்போகலாம்.

அந்தப் பெயர்போன இடம், புரதச் சங்கிலியில் 315ஆவது அமினோ அமிலம். அங்கே இருக்கும் திரியோனின், தன் ஹைட்ராக்சில் வழியாக மருந்தோடு ஒரு ஹைட்ரஜன் பிணைப்பு போடுகிறது. மரபணுவில் ஏ.சி.டி. என்ற மூன்றெழுத்து ஏ.டி.டி. ஆகிவிட்டால், திரியோனின் இருந்த இடத்தில் ஐசோலியூசின் வரும். ஹைட்ராக்சில் போய்விட்டது, பிணைப்பும் போய்விட்டது. அதோடு ஐசோலியூசினின் பக்கச் சங்கிலி மருந்து வர வேண்டிய வழியில் நீட்டிக்கொண்டு நிற்கிறது. ஏ.டி.பி.க்கு அந்தப் பிணைப்பு தேவையே இல்லை, அது வழக்கம்போல உள்ளே வந்து வேலையை நடத்துகிறது. மருந்து மட்டும் வெளியே. 2001இல், அதாவது மருந்துக்கு அனுமதி கிடைத்த அதே வருடம், சார்லஸ் சாயர்ஸின் குழு இதை வெளியிட்டது. மருந்துக்குக் கட்டுப்பட்டுப் பிறகு நோய் திரும்பியவர்களில் ஒன்பது பேரின் புரதத்தைப் பார்த்தபோது ஆறு பேருக்கு இதே மாற்றம் இருந்தது. அவர்கள் நோய் முற்றிய கட்டத்தில் இருந்தவர்கள். அதனால் இந்த விகிதத்தை அப்பாவுக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள்.

இந்த மாற்றத்தை மருந்து உண்டாக்குவதில்லை. நோய் கண்டுபிடிக்கப்படும்போது ஒருவர் உடம்பில் நோய்ச் செல்கள் லட்சம் கோடி என்ற அளவில் இருக்கும். ஒவ்வொரு செல்லும் பிரியும்போது டி.என்.ஏ.வைப் படியெடுக்கிறது, படியெடுக்கும்போது எங்காவது ஒரு எழுத்து தவறுகிறது. இத்தனை செல்களில் 315ஆம் இடத்தில் தவறிய ஒன்று இருப்பது ஆச்சரியம் இல்லை. மருந்து இல்லாதவரை அதற்கு எந்த அனுகூலமும் இல்லை, கூட்டத்தில் ஒன்றாகக் கிடக்கும். மருந்து வந்ததும் மற்றவை அடங்க, அது மட்டும் பெருகுகிறது. ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது, ரிப்போர்ட் 0.1 சதவீதம், நல்ல செய்தி என்று டாக்டர் சொல்லும் நிலையிலும் மிச்சம் இருப்பது நூறு கோடிச் செல்கள் என்ற அளவில். உங்கள் அப்பா போல நன்றாக இருப்பவரும் தினமும் மாத்திரை சாப்பிட வேண்டியிருப்பது இதனால்தான். ஸ்டெம் செல் நிலையில் உறங்கிக் கிடக்கும் சில நோய்ச் செல்கள் உயிர்வாழ பிசிஆர்-ஏபிஎல்லையே நம்பியிருப்பதில்லை என்பதும் தெரிய வந்திருக்கிறது. மருந்து அவற்றைக் கொல்வதில்லை, அவற்றின் வாரிசுகளைத்தான் அடக்கி வைக்கிறது.

சரி, மாத்திரையை விட்டதுதான் காரணமா?

இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். உண்மையாகவே டெஸ்ட் வருவதற்கு முன் யாராலும் சொல்ல முடியாது. ஆனால் இதை லேசாக எடுத்துக்கொள்ளவும் முடியாது. லண்டனில் 87 நோயாளிகளின் மாத்திரைக் குப்பிகளில், மூடியைத் திறக்கும் நேரத்தைப் பதிவு செய்யும் சிறிய மின்னணுக் கருவியைப் பொருத்தி ஒரு ஆய்வு நடந்தது, 2010இல் வெளிவந்தது. எடுக்க வேண்டிய மாத்திரைகளில் 90 சதவீதத்துக்கு மேல் எடுத்தவர்களில், ஆறு வருடத்துக்குள் நோய் 0.1 சதவீதத்துக்குக் கீழே போகும் வாய்ப்பு 94.5 சதவீதம். 90 சதவீதமோ அதற்குக் குறைவாகவோ எடுத்தவர்களுக்கு அது 28.4 சதவீதம்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள்: மாதத்தில் மூன்று மாத்திரை விட்டாலே 90 சதவீதத்துக்கு வந்துவிடுவோம். "அவ்வப்போது" என்று அப்பா சொல்வது மூன்றா, எட்டா? அது தெரிய வேண்டும்.

இமாட்டினிப்பின் பாதி ரத்தத்திலிருந்து வெளியேற சுமார் 18 மணி நேரம் ஆகும். ஒரு நாள் விட்டால் அடுத்த நாள் அளவு நன்றாகக் கீழே இறங்கிவிடும். அந்த இடைவெளியில் மாறாத செல்களும் பெருகும், ஓரளவு மட்டும் எதிர்ப்புள்ள செல்களும் பெருகும். பெருகும் ஒவ்வொரு முறையும் புதிய தவறுகளுக்கு வாய்ப்பு. விட்டுப் போன மாத்திரைக்கும் புரத மாற்றத்துக்கும் இடையே இப்படி ஒரு வழி இருக்கிறது.

ஆனால் இதைச் சொல்லி அப்பாவைக் குற்றவாளியாக்க வேண்டாம் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன். ஆறு வருடம் தினமும் உடம்பு வலிக்கும் ஒரு மாத்திரையை விழுங்குவது எளிதான காரியம் இல்லை. கால் பிடிப்பும் கண் வீக்கமும் அவருடைய கற்பனை அல்ல. இமாட்டினிப் ஏபிஎல்லை மட்டும் அடைப்பதில்லை, கிட் என்ற கைனேஸையும், பிடிஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணியின் ஏற்பியையும் அடைக்கிறது. திசுக்களில் நீர் கோர்ப்பதற்கு இரண்டாவது காரணமாக இருக்கும் என்று கருதப்படுகிறது. சிலருக்குத் தோல் நிறம் வெளிறுவது முதலாவதால். இவற்றைக் குறைக்க வழிகள் இருக்கின்றன. நிறைய தண்ணீரோடு, சாப்பாட்டோடு எடுப்பது வயிற்றுக்கு உதவும். நீர் கோர்ப்புக்கும் பிடிப்புக்கும் டாக்டரிடம் மருந்து உண்டு. எதுவும் சரிப்படாவிட்டால், எதிர்ப்பு வராதபோதும் தொல்லைக்காகவே மருந்தை மாற்றுவார்கள். டாக்டரிடம் சொல்லாமல் விட்டதுதான் இங்கே நடந்த தவறு. அதைச் சொல்லும் அளவுக்கு நிதானமாக எத்தனை நோயாளிகளிடம் கேட்கப்படுகிறது என்று எனக்கு வருத்தம் உண்டு. "ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டால் யாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள்.

மாத்திரையை நிறுத்திவிட்டு நன்றாக இருப்பவர்களைப் பற்றி அப்பா எங்காவது படித்திருக்கலாம். அதுவும் உண்மைதான். பிரான்சில் 100 பேரை வைத்து நடந்த சோதனை 2010இல் வெளிவந்தது. நோயின் தடயமே இரண்டு வருடத்துக்கு மேல் தெரியாமல் இருந்தவர்கள் மட்டும் அதில் சேர்ந்தார்கள். நிறுத்திய பிறகும் பத்தில் நான்கு பேருக்கு நோய் திரும்பவில்லை. திரும்பியவர்களில் பெரும்பாலோருக்கு முதல் ஆறு மாதத்திலேயே தெரிந்துவிட்டது, அடிக்கடி ரத்தம் பார்த்துக்கொண்டிருந்ததால் உடனே மருந்தைத் தொடங்கி அடக்கினார்கள். 0.04 சதவீதம் அந்த ஆழத்துக்கு வரவில்லை. அப்பா விட்டது வேறு, அவர்கள் நிறுத்தியது வேறு.

இரண்டு மாத்திரை யோசனையைப் பற்றி. அளவைக் கூட்டும் வழக்கம் ஒரு காலத்தில் இருந்தது, இன்றும் சில நேரம் டாக்டர்கள் கூட்டுகிறார்கள். ஆனால் 315 மாறியிருந்தால் நான்கு மாத்திரை போட்டாலும் மருந்து உள்ளே நுழையாது. தொல்லைகள் மட்டும் கூடும், கூடினால் அப்பா இன்னும் அதிகம் விடுவார். நிறுத்தினால் வேறு ஒரு சிக்கல். மாத்திரை இல்லாதபோது மாறாத செல்கள் வேகமாகப் பெருகி, மாறிய செல்களின் விகிதம் கீழே போய்விடும். மரபணு எழுத்துகளைப் படிக்கும் வழக்கமான வரிசை வாசிப்பு (சீக்வென்சிங்) முறையில், மாறிய செய்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காவது இருந்தால்தான் கண்ணில் படும். நிறுத்திவிட்டு ரத்தம் கொடுத்தால், இருக்கும் மாற்றமும் இல்லை என்று ரிப்போர்ட் வரலாம். ஆரம்பத்திலேயே நான் அழுத்திச் சொன்னதற்குக் காரணம் இதுதான். அடுத்த தலைமுறை வரிசை வாசிப்பு முறை 3 சதவீதம் அளவில் இருப்பதையும் பிடித்துவிடும். எந்த முறையில் செய்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

பெரியப்பாவின் பொடிக்கு வருகிறேன். அவர் அன்பால்தான் தருகிறார், அதை நான் சந்தேகிக்கவில்லை. அந்தப் பொடிக்குள் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது, பிரச்சினையே அதுதான். இமாட்டினிப்பை உடம்பிலிருந்து கழிப்பது முக்கியமாகக் கல்லீரலிலும் குடலிலும் இருக்கும் சிஒய்பி3ஏ4 என்ற நொதி. சில மூலிகைகள் அந்த நொதியின் உற்பத்தியைக் கூட்டிவிடும். மனச்சோர்வுக்குப் பலர் தாமாகவே வாங்கிச் சாப்பிடும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை, இமாட்டினிப்பின் அளவைச் சுமார் 30 சதவீதம் குறைத்துவிடுகிறது. மாதத்தில் ஒன்பது மாத்திரையை விட்டதற்குச் சமம். காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் அதைவிட மோசம், 74 சதவீதம் குறைக்கும். கிரேப்ஃப்ரூட் பழம் எதிர்த்திசையில் வேலை செய்து மருந்தை ரத்தத்தில் ஏற்றிவிடக்கூடும். ஆறு வருடத்தில், குறிப்பாக எண் ஏறத் தொடங்கிய இந்த மாதங்களில், அப்பா புதிதாக வேறு எதையாவது சாப்பிட ஆரம்பித்தாரா என்று கேளுங்கள். காய்ச்சலுக்கு, வயிற்றெரிச்சலுக்கு, தூக்கத்துக்கு எடுத்தது, மூலிகை, வைட்டமின் எல்லாமே சேர்த்தி. இதை டாக்டர்கள் கேட்பதைவிட வீட்டில் இருப்பவர் கேட்டால் சரியான பதில் வரும்.

இனி அந்த எண்ணைப் பற்றி. சர்வதேச அளவுகோலில் 0.1 சதவீதம் வரை நல்ல நிலை. முதல் வருடம் முடிந்த பிறகு 0.1க்கும் 1க்கும் இடையில் இருந்தால் எச்சரிக்கை. 1க்கு மேல் என்றால் இந்த மருந்து தோற்றுவிட்டதாக எடுத்துக்கொண்டு, காரணம் தேடி, மருந்தை மாற்ற வேண்டும். பரிசோதனையிலேயே கொஞ்சம் ஏற்ற இறக்கம் உண்டு, ஒரு தடவை இரண்டு மடங்கானால் பதறக் கூடாது. ஆனால் 0.04இலிருந்து 1.6 என்பது நாற்பது மடங்கு, இரண்டு படிகளாக ஏறியிருக்கிறது. இதை ஆய்வகத்தின் தலையில் போட முடியாது. உங்கள் டாக்டர் சரியான நேரத்தில் சரியான டெஸ்ட்டைக் கேட்டிருக்கிறார். ரத்த அணுக்களின் எண்ணிக்கை கெடுவதற்கு வெகு முன்பே இந்த எண் காட்டிக்கொடுத்துவிடும், அதுதான் இதன் பெரிய வரம். அந்த நேரத்தை வீணாக்கக் கூடாது, அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

டெஸ்ட்டில் என்ன வந்தால் என்ன? ஏபிஎல் கைனேஸ் பகுதியில் இதுவரை நூற்றுக்கும் மேற்பட்ட மாற்றங்கள் பதிவாகியிருக்கின்றன. எல்லாம் ஒரே மாதிரி இல்லை. 253, 255 போன்ற இடங்களில் மாறினால், ஏ.டி.பி. குழியின் மேல் கவிந்திருக்கும் வளையம் கெட்டு, இமாட்டினிப்புக்கு வேண்டிய ஓய்வு வடிவம் உருவாவதே கடினமாகிவிடும். 2006இல் வந்த டசாட்டினிப்புக்கு அந்த வடிவம் கட்டாயம் இல்லை, பிடியும் பல மடங்கு வலுவானது. அதனால் அங்கே அது பெரும்பாலும் வேலை செய்யும். 317இல் மாறியிருந்தால் டசாட்டினிப் தடுமாறும், 2007இல் வந்த நிலோட்டினிப் கைகொடுக்கலாம். நிலோட்டினிப் 253, 255, 359 ஆகிய இடங்களில் பலவீனம். போசுட்டினிப் என்று இன்னொன்றும் இருக்கிறது. ரிப்போர்ட்டில் இருக்கும் அந்த எழுத்தும் எண்ணும்தான் அடுத்த மருந்தைத் தேர்ந்தெடுக்க உதவுகின்றன.

315இல் ஐசோலியூசின் வந்தால் இவை எதுவுமே பயன்படாது. பல வருடம் அதற்கு மருந்தே இல்லை. 2012இல் வந்த பொனாட்டினிப் ஒரு அழகான தீர்வு. அதன் நடுவில் கார்பனுக்கும் கார்பனுக்கும் இடையே ஒரு முப்பிணைப்பு இருக்கிறது. முப்பிணைப்பு நேர்க்கோடாகவும் ஒல்லியாகவும் இருப்பதால், நீட்டிக்கொண்டிருக்கும் ஐசோலியூசினை உரசாமல் தாண்டி உள்ளே போய்விடுகிறது. ஆனால் அது ரத்தக் குழாய்களுக்கு ஆபத்து. மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை கூடியதால் 2013இல் அமெரிக்காவில் விற்பனையையே கொஞ்ச காலம் நிறுத்தி, கடுமையான எச்சரிக்கைகளோடு திரும்ப அனுமதித்தார்கள். இதயமும் ரத்த அழுத்தமும் நன்றாக இருப்பவருக்கும் கவனமாகத்தான் கொடுப்பார்கள்.

இப்போது அந்தக் காலிக் குழி. கொழுப்பு அமிலம் இல்லாமல் ஒட்டுப் புரதத்தில் வெறுமையாகக் கிடக்கும் குழிக்குள் போய் உட்காரும்படி ஒரு மருந்தைச் செய்தால் என்ன என்று யோசித்தார்கள். அதுதான் அசிமினிப், 2021இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மிரிஸ்டேட் செய்த வேலையை இது செய்கிறது: குழியை நிரப்பி, புரதத்தை மறுபடி ஓய்வு வடிவத்துக்குத் தள்ளுகிறது. ஏ.டி.பி. குழியை அது தொடுவதே இல்லை, அதனால் 315இல் என்ன இருந்தாலும் அதன் வழியை மறிக்காது, அந்த மாற்றத்துக்கு மட்டும் கூடுதல் அளவு தேவைப்படுகிறது. மற்ற கைனேஸ்களில் பெரும்பாலானவற்றுக்கு இப்படி ஒரு குழி இல்லாததால் வேறு புரதங்களைத் தொந்தரவு செய்வதும் குறைவு. இயற்கை பூட்டி வைத்திருந்த அதே இடத்திலேயே திரும்பப் பூட்டியிருக்கிறார்கள். உங்கள் வகுப்பில் அல்லோஸ்டெரி (புரதத்தின் ஓரிடத்தில் ஒட்டி, வேறிடத்தின் வேலையை மாற்றுவது) பாடம் வரும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள், பரீட்சைக்காகப் படிக்கும் அந்த அத்தியாயத்தில்தான் உங்கள் அப்பா போன்றவர்களின் அடுத்த மாத்திரை இருக்கிறது. அசிமினிப்புக்கும் எதிர்ப்பு வருகிறது, அந்தக் குழியின் ஓரத்தில் மாறும் அமினோ அமிலங்கள் அதைத் தடுக்கின்றன. அதற்கான வேலை ஆய்வுக்கூடங்களில் நடந்துகொண்டிருக்கிறது.

மாற்றம் எதுவும் இல்லை என்று ரிப்போர்ட் வந்தால் குழம்பாதீர்கள். எதிர்ப்பு வந்தவர்களில் கணிசமானவர்களுக்கு அப்படித்தான் வருகிறது. மருந்து போதுமான அளவு ரத்தத்தில் இல்லாமல் இருக்கலாம், ஒட்டு மரபணு பல பிரதிகளாகப் பெருகியிருக்கலாம், செல் வேறு பாதையைப் பிடித்திருக்கலாம். அப்போது தேர்வைத் தீர்மானிப்பது அப்பாவின் மற்ற நோய்கள். நுரையீரல் பிரச்சினை இருப்பவருக்கு டசாட்டினிப் யோசித்துத்தான், நுரையீரலைச் சுற்றி நீர் சேரும் தொல்லை அதில் உண்டு. சர்க்கரை, இதயத் துடிப்பில் கோளாறு, ரத்தக் குழாய் அடைப்பு இருந்தால் நிலோட்டினிப் யோசிக்க வேண்டும். போசுட்டினிப்பில் வயிற்றுப்போக்கு அதிகம்.

மருந்து மாறினால் சாப்பிடும் முறையும் மாறும், இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். இமாட்டினிப்பை உணவோடு எடுத்துப் பழகியவர் நிலோட்டினிப் கேப்சூலையும் அப்படியே எடுக்கக் கூடாது. அதற்கு இரண்டு மணி நேரம் முன்பும் ஒரு மணி நேரம் பின்பும் வயிறு காலியாக இருக்க வேண்டும், உணவோடு எடுத்தால் ரத்தத்தில் அளவு ஆபத்தாக ஏறும். டசாட்டினிப்புக்கு வயிற்றில் அமிலம் வேண்டும், அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையைச் சேர்த்துச் சாப்பிட்டால் மருந்து உடம்பில் சேராது. அப்பா வயிற்றெரிச்சலுக்கு ஏதாவது எடுக்கிறார் என்றால் அந்தப் பெயர் டாக்டருக்குத் தெரிந்தே ஆக வேண்டும்.

ரத்தம் கொடுக்கப் போகும்போது ஒரு தாளில் எழுதிக் கொண்டு போங்கள்: கடந்த மூன்று மாதத்தில் விட்ட மாத்திரைகள் தோராயமாக எத்தனை, எந்தத் தொல்லைக்காக விட்டார், வேறு என்னென்ன சாப்பிடுகிறார், இதுவரை வந்த எல்லா எண்களும் தேதியோடு. அந்தத் தாளை அப்பாவே டாக்டரிடம் கொடுக்கட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள். ரிப்போர்ட் வந்ததும் அதில் இருக்கும் எழுத்தையும் எண்ணையும் எனக்கு எழுதுங்கள், புரதத்தில் அது எங்கே இருக்கிறது என்று சொல்கிறேன்.